நிறுவல் முடிந்தது, ஒலி வரவில்லை: லினக்ஸில் இசை மென்பொருள்

புதுச்சுருதி (தொடக்கப் பதிவு)

அனைவருக்கும் வணக்கம். எட்டு ஆண்டுகள் வேறோர் இயங்குதளத்தில் இசைக்கோப்பு வேலை செய்து பழகிய நான், மூன்று மாதங்களுக்கு முன்பு என் மடிக்கணினியை முழுவதுமாக லினக்ஸுக்கு மாற்றிக்கொண்டேன். உலாவி, எழுத்து வேலை, அச்சுப்பொறி, நிழற்படங்கள் எல்லாம் ஒரே மாலைப்பொழுதில் கைக்கு அடங்கிவிட்டன. இசை மட்டும் இன்றுவரை அடங்கவில்லை. எங்கே தவறுகிறேன் என்று எனக்கே விளங்காததால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை என் வழங்கலின் (நான் நிறுவிய லினக்ஸ் தொகுப்பின்) களஞ்சியத்திலிருந்து நிறுவினேன். அதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. திறந்தவுடன் ஒலிக்கு ஆல்சாவா, ஜாக்கா, பல்ஸ்ஆடியோவா என்று கேட்டது. மூன்றுக்கும் என்ன வேறுபாடு என்று தெரியாமலே ஆல்சாவைத் தேர்ந்தெடுத்தேன். ஒலிக்கருவி வேறெங்கோ பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி நின்றுவிட்டது. உலாவியை மூடிவிட்டு மறுபடி முயன்றபோது ஆர்டோரில் ஒலி வந்தது, ஆனால் அதன் பிறகு உலாவி ஊமையாகிவிட்டது. ஜாக்கைத் தேர்ந்தெடுத்தால் ஒலி வழங்கியை (நிரல்களின் ஒலியைக் கருவிக்கு அனுப்பும் பின்னணி நிரலை) தொடங்க முடியவில்லை என்றது. பிறகு அதே மென்பொருளை ஃபிளாட்பேக் என்ற வேறொரு நிறுவல் முறை வழியாக நிறுவினேன். ஒலி வந்தது, ஆனால் நான் தேடித் தேடி நிறுவி வைத்திருந்த செருகுநிரல்களில் (வாத்திய ஒலியும் ஒலி விளைவும் தரும் துணைநிரல்களில்) ஒன்றுகூட அதன் பட்டியலில் இல்லை.

அடுத்தது கரகரப்பு. கணினியோடு இணைத்த மிடி இசை விசைப்பலகையில் ஒரு சுரத்தை அழுத்தினால், இடையகம் (ஒரு கட்டாகச் சேர்த்து அனுப்பப்படும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 1024 என்று இருக்கும்போது ஒலி தூய்மையாக வருகிறது. ஆனால் விரல் பட்டுச் சற்று நின்ற பிறகே வருவதால் வேகமான பகுதிகளை வாசிக்கவே முடிவதில்லை. 128க்குக் குறைத்தால் விரலோடு ஒலி வருகிறது, ஆனால் ஈரவிறகு எரிவது போலப் படபடக்கிறது. இணையத்தில் கிடைத்த ஒரு வழிகாட்டி, எல்லாவற்றுக்கும் காரணம் பல்ஸ்ஆடியோதான், அதை வேரோடு நீக்கிவிட வேண்டும் என்றது. அப்படியே செய்தேன். நீக்கப்படவிருந்த மென்பொருள் பொதிகளின் பட்டியலைப் படிக்காமலே ஒப்புதல் கொடுத்தது என் தவறுதான். மறுமுறை கணினியைத் தொடங்கியபோது ஒலி அமைப்புகளுக்கான பக்கமே வெறுமையாக இருந்தது. இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவ நேர்ந்தது.

பழுது என்னிடம் உள்ளதா, கணினியிடம் உள்ளதா, மென்பொருளிடம் உள்ளதா என்பதையாவது யாரேனும் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கருந்திரை

வழங்கலின் பெயரும் பதிப்பும் என்ன, கர்னல் (இயங்குதளத்தின் மையநிரல்) பதிப்பு என்ன, ஒலி இடைமுகம் (ஒலியைக் கணினிக்கு உள்ளேயும் வெளியேயும் கொண்டுசெல்லும் கருவி) எது, அது எதன் வழியாக இணைக்கப்பட்டிருக்கிறது, இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒலி வழங்கி எது: இந்த ஐந்தும் இல்லாமல் கரகரக்கிறது என்று மட்டும் எழுதுவது, மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து வலிக்கிறது என்று சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டிப்பதற்குச் சமம். பொதிகளை நீக்கும் கட்டளை எதை நீக்கப் போகிறது என்பதைத் தெளிவாகப் பட்டியலிட்டுத்தான் ஒப்புதல் கேட்கிறது. அதைப் படிக்காதவருக்கு எந்த இயங்குதளமும் பாதுகாப்பானதன்று.

ஒலிக்கோவை

கருந்திரை கேட்ட ஐந்தும் தேவையானவைதான். ஆனால் புதிதாக வருபவருக்கு அவற்றை எங்கே பார்ப்பது என்றே தெரியாது. ஏன் ஐந்து தேவைப்படுகின்றன என்பது அதைவிடத் தெரியாது. புதுச்சுருதி அவர்களே, நீங்கள் மூன்று இடங்களில் மூன்று வெவ்வேறு சிக்கல்களைச் சந்தித்து, அவை ஒன்றே என்று எண்ணிக் குழம்பியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் நீங்கள் அல்லர்.

நீங்கள் பார்த்த அந்த மூன்று பெயர்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த வரலாறு. ஆல்சா என்பது கர்னலுக்குள் இருக்கும் இயக்கிகளின் அடுக்கு; 2003ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த 2.6 கர்னலில் அது ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி அடுக்கின் இடத்திற்கு வந்தது. அது வன்பொருளோடு நேராகப் பேசும். பெரும்பாலான இடைமுகங்களை ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே அதன் வழியாகத் திறக்க முடியும். உங்கள் உலாவி ஊமையானது பழுதன்று, அதன் இயல்பு. ஆர்டோரைத் தொடங்கிய பால் டேவிஸ்தான் ஜாக்கையும் உருவாக்கினார். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலின் உள்ளீட்டில், கம்பியைச் செருகுவது போல, குறைந்த தாமதத்தில் இணைப்பதற்காகவே எழுதப்பட்டது அது. பல்ஸ்ஆடியோவோ சாதாரண மேசைக்கணினிப் பயன்பாட்டிற்கு வந்தது. 2007இல் ஃபெடோரா 8 அதை இயல்பான ஒலி வழங்கியாக்கியது. இசைக்கலைஞர்கள் ஜாக்கிலும் மற்றவர்கள் பல்ஸ்ஆடியோவிலும் இருந்ததால், இரண்டையும் ஒரே கணினியில் வைத்திருந்தவர்கள் ஓர் ஒலி இடைமுகத்திற்காக அவை இரண்டும் சண்டையிடுவதைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்தோம். பல்ஸ்ஆடியோவை நீக்கு என்ற அறிவுரை அந்தக் காலத்தைச் சேர்ந்தது. அப்போது அதற்கு ஒரு பொருள் இருந்தது.

இப்போது நிலைமை வேறு. விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர் அந்த இரண்டின் வேலையையும் தானே செய்கிறது; பல்ஸ்ஆடியோவிடம் பேசுவதாக நினைக்கும் நிரலுக்குப் பல்ஸ்ஆடியோவாகவும், ஜாக்கிடம் பேசுவதாக நினைக்கும் நிரலுக்கு ஜாக்காகவும் முகம் காட்டுகிறது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34 அதற்கு மாறியது, உபுண்டு 22.10இல் மாறியது, 2023 நவம்பரில் பைப்வயர் 1.0 வந்தது. ஆகவே உங்கள் கணினியில் பெரும்பாலும் பைப்வயர்தான் ஓடுகிறது. தேடுபொறியோ 2012இல் எழுதப்பட்ட வழிகாட்டியை முதலாவதாகக் காட்டும், ஏனெனில் பத்தாண்டுகளாக அதற்குத்தான் எல்லோரும் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மென்பொருள்கள் சாகின்றன, வழிகாட்டிகள் சாவதில்லை. லினக்ஸ் இசையில் நான் பார்த்த சிக்கல்களில் பாதி, சரியான அறிவுரையைத் தவறான ஆண்டில் பின்பற்றியதால் வந்தவை.

ஜாக் தொடங்காததற்கும் இதுவே விளக்கம். ஜாக்கின் நூலகத்திற்கு (நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல்தொகுதிக்கு) பதிலாகப் பைப்வயரின் நூலகம் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும். சில வழங்கல்களில் அது தானாகவே நடந்துவிடுகிறது. டெபியனில் பைப்வயர்-ஜாக் பொதியை நிறுவிய பிறகும், அதனுடன் வரும் ஓர் அமைவுக்கோப்பை உரிய அடைவிற்கு நகலெடுத்து, நூலகப் பட்டியலைப் புதுப்பித்தால்தான் எல்லா நிரல்களும் அதைப் பயன்படுத்தும். அல்லது ஒவ்வொரு நிரலையும் பீடபிள்யூ-ஜாக் என்ற கட்டளையை முன்னால் இட்டுத் தொடங்க வேண்டும். இந்த ஒரே ஒரு கோப்பு இல்லாததால் வழங்கியைத் தொடங்க முடியவில்லை என்ற செய்தி வருகிறது. அந்தச் செய்தி பொய்யன்று. ஆனால் தொடங்க வேண்டிய வழங்கியே அதுவன்று என்பதை அது சொல்வதில்லை.

புதுச்சுருதி

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு மிக்க நன்றி. கருந்திரை ஐயா கேட்டவற்றைத் திரட்டிவிட்டேன். உபுண்டு 24.04, அதனோடு வந்த 6.8 கர்னல், இரண்டு உள்ளீடுகள் கொண்ட யூஎஸ்பி ஒலி இடைமுகம் ஒன்று. அதில் தனி இயக்கி எதையும் நிறுவவில்லை, செருகியவுடன் தெரிந்தது. மடிக்கணினியில் இரண்டே துளைகள் இருப்பதால் இடைமுகம், மிடி விசைப்பலகை, வெளி வன்வட்டு, நிழற்படக்கருவி எல்லாவற்றையும் ஒரே யூஎஸ்பி ஹப்பில் செருகியிருக்கிறேன். ஓடுவது பைப்வயர்தான்.

ஒன்று மட்டும் இன்னும் விளங்கவில்லை. அதே ஆர்டோர், அதே கணினி. அப்படியிருக்க ஃபிளாட்பேக்கில் செருகுநிரல்கள் ஏன் காணாமல் போகின்றன?

பொதிகட்டி

நான் ஒரு வழங்கலுக்காக ஒலி சார்ந்த பொதிகள் சிலவற்றைப் பராமரித்து வருகிறேன். இந்தக் கேள்வி எங்களிடம் வாரந்தோறும் வருவதால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஃபிளாட்பேக் நிரல் ஒரு கூண்டுக்குள் ஓடுகிறது. அதற்குத் தெரியும் யூஎஸ்ஆர் அடைவு (நிரல்களும் நூலகங்களும் இருக்கும் இடம்) உங்கள் கணினியின் யூஎஸ்ஆர் அடைவன்று. அதனுடனே வந்த வேறொன்று. நீங்கள் ஏபிடி என்ற வழங்கலின் நிறுவல் கட்டளை வழியாக நிறுவிய செருகுநிரல்கள் உங்கள் கணினியின் அடைவில் இருக்கின்றன; கூண்டுக்குள் இருப்பவருக்கு அவை இல்லாதவையே. ஃபிளாட்பேக்கிற்கென்று கட்டப்பட்ட செருகுநிரல்கள் தனியாக உண்டு. அவற்றை நிறுவினால் தெரியும். ஸ்னாப் என்ற மற்றொரு நிறுவல் முறையில் இன்னொரு விதமான தடை இருக்கிறது: ஒலிப்பதிவு செய்யும் உரிமை பெரும்பாலும் தானாகக் கிடைக்காது, நீங்கள் கையால் இணைத்துக் கொடுக்க வேண்டும். ஒலிவாங்கியில் எதுவும் பதிவாகவில்லை என்று வரும் முறையீடுகளில் பல இதனால் வருபவை.

கூண்டு எதற்கு என்று கேட்பீர்கள். செருகுநிரல் தனி நிரலன்று. தாய்நிரலின் வயிற்றுக்குள்ளேயே ஓடுவது. தாய்நிரல் ஜிடிகே நூலகத்தின் ஒரு பதிப்பைக் கொண்டு திரையை வரைகிறது என்றும், செருகுநிரல் அதே நூலகத்தின் வேறொரு பதிப்பைக் கொண்டு தன் சாளரத்தை வரைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே நினைவகத்தில், ஒரே பெயருள்ள செயற்கூறுகளோடு ஏற்றப்படும்போது, எது யாருடையது என்ற குழப்பத்தில் முழு நிரலும் விழுந்துவிடும். இரண்டு மணி நேரமாகச் சேமிக்காமல் வைத்திருந்த வேலையும் அதோடு போகும். உலாவியில் ஒரு தாவல் விழுந்தால் மற்றவை பிழைத்திருக்கின்றன. இசை மென்பொருளில் அந்தப் பிரிப்பு எளிதன்று, ஏனெனில் சில மில்லிநொடிகளுக்குள் ஒலி எல்லாச் செருகுநிரல்களையும் கடந்து வெளியே வந்தாக வேண்டும்.

நூலகங்களுக்கு ஆயுளும் உண்டு. ஜிடிகே 4 வெளியான 2020 டிசம்பரோடு ஜிடிகே 2 முடிவுக்கு வந்தது. வழங்கல்கள் அதைத் தங்கள் களஞ்சியத்திலிருந்து நீக்கத் தொடங்கியதால், அதை நம்பி எழுதப்பட்ட ஆர்டோர் இப்போது அதன் ஒரு கிளையைத் தன் மூலநிரலுக்குள்ளேயே வைத்துப் பராமரிக்கிறது. அவ்வளவு உழைப்பு எல்லாத் திட்டங்களுக்கும் சாத்தியமில்லை. ஒற்றை ஆள் எழுதி ஒதுங்கிய செருகுநிரல்கள் அப்படியே நின்றுபோகின்றன. இன்னொரு பக்கம், புதிய வழங்கலில் கட்டப்பட்ட இருமக்கோப்பை (நேராக இயக்கக்கூடிய வடிவிலுள்ள நிரலை) பழைய வழங்கலில் இயக்கினால், சி நூலகத்தின் தேவையான பதிப்பு இல்லை என்று ஒரு வரி வந்து நின்றுவிடும். அதனால்தான் விவரம் அறிந்த உருவாக்குநர்கள் வேண்டுமென்றே பழைய கணினி ஒன்றில் கட்டி வெளியிடுகிறார்கள்.

எங்களைப் போன்றவர்கள் தரும் பொதிகள் பழையனவாக இருப்பதாகப் பலர் குறை சொல்வதுண்டு, அது நியாயமே. டெபியனின் நிலைத்த பதிப்பு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. உறைந்த பிறகு பாதுகாப்புத் திருத்தங்களும் பெரும் பிழைகளுக்கான திருத்தங்களும் மட்டுமே உள்ளே வரும். ஆர்டோர் உருவாக்குநர்கள் தங்கள் தளத்தில் தரும் இருமக்கோப்பு, தனக்குத் தேவையான நூலகங்களைத் தன்னோடே எடுத்து வருவதால், பல நேரங்களில் எங்கள் பொதியைவிட ஒழுங்காக ஓடும். அதைப் பெறக் கட்டணம் கேட்கிறார்கள், மூலநிரல் கட்டற்றதே. பொதி கட்டுபவனே இதைச் சொல்வது முறையா என்று தெரியவில்லை, ஆனால் உண்மை அதுதான்.

மெட்டுக்காரர்

நான் ஒரு காலத்தில் முழுநேரம் லினக்ஸில் இசையமைத்து, பிறகு விலகி, இப்போது பாதி அங்கும் பாதி இங்குமாக இருப்பவன். மேலே சொல்லப்பட்டவை எல்லாம் சரி. ஆனால் இசையமைப்பாளர்கள் திரும்பிப் போவதற்குத் தாமதமும் கரகரப்பும் முதற்காரணமல்ல. செருகுநிரல்கள்தாம் காரணம்.

லாட்ஸ்பா, அதன் பின் எல்வி2 என்று லினக்ஸில் திறந்த செருகுநிரல் வடிவங்கள் வளர்ந்தபோது, வெளியுலகம் முழுவதும் ஸ்டைன்பெர்க் நிறுவனத்தின் விஎஸ்டி வடிவில் இருந்தது. விஎஸ்டி2 நிரலாக்கத் தொகுப்பைப் புதியவர்களுக்கு வழங்குவதை ஸ்டைன்பெர்க் 2018இல் நிறுத்தியது. அதன் உரிமம் திறமூலத்தோடு ஒருபோதும் ஒத்துப்போகாததால், எல்எம்எம்எஸ் திட்டத்தில் வெளியிலிருந்து ஆராய்ந்து எழுதப்பட்ட தலைப்புக்கோப்பு ஒன்றை நம்பித்தான் பல திறமூல நிரல்கள் விஎஸ்டி2ஐ ஏற்றன. விஎஸ்டி3 லினக்ஸுக்கு வந்தது, 2022இல் கிளாப் என்ற திறந்த வடிவம் வந்தது, பிட்விக் 2014 முதல் லினக்ஸில் கிடைக்கிறது, ரீப்பரும் ரெனாய்ஸும் நேராகவே ஓடுகின்றன. தாய்நிரல்களுக்குக் குறையில்லை. ஆனால் ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த வாத்தியத் தொகுப்புகள் எல்லாம் வேறோர் இயங்குதளத்துக்காகக் கட்டப்பட்டவை.

அவற்றை வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் மென்பொருள்) வழியாக ஓட்ட யாபிரிட்ஜ் என்ற அருமையான கருவி இருக்கிறது. என் செருகுநிரல்களில் பெரும்பாலானவை அதில் ஓடின. ஆனால் வைன் 9.22க்கு மாறியபோது செருகுநிரல் சாளரத்தில் சுட்டி காட்டும் இடம் ஒன்று, சொடுக்குப் பதிவாகும் இடம் வேறொன்று என்று ஆனது; ஒரு குமிழைத் திருக வேண்டுமென்றால் அதற்கு வெளியே வெற்றிடத்தில் பிடித்து இழுக்க வேண்டும். 9.21க்குத் திரும்பிப் போய், அந்தப் பதிப்பைப் பூட்டி வைத்தபிறகு சரியானது. உரிமச் சாவி கேட்கும் தொகுப்புகளின் கதை வேறு. என்னிடம் உள்ள ஒன்று நன்றாகவே ஒலித்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் உரிம மேலாளர் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, அதன் பின் திறக்கவே மறுத்துவிட்டது. உதவிக்கு எழுதினேன், உங்கள் இயங்குதளம் ஆதரிக்கப்படவில்லை என்று ஒற்றை வரி வந்தது. முடிக்க வேண்டிய வேலை நடுவில் நின்றது.

கருந்திரை

கட்டற்ற இயங்குதளத்திற்கு வந்துவிட்டு, கட்டுண்ட செருகுநிரல் ஓடவில்லை என்று இயங்குதளத்தைக் குறை சொல்வது எனக்கு விளங்கவில்லை. மின்னிசைக்குச் சர்ஜ் எக்ஸ்டி இருக்கிறது, ஜின்ஆட்சப்எஃப்எக்ஸ் இருக்கிறது, கித்தாருக்குக் கிடாரிக்ஸ் இருக்கிறது, தாளத்திற்கு ஹைட்ரஜன் இருக்கிறது, மாதிரி ஒலிகளுக்கு ஃபுளூயிட்சிந்த் இருக்கிறது. இவற்றை ஓராண்டு முறையாகப் பழகியவர் எத்தனை பேர்?

மெட்டுக்காரர்

நான் பழகியிருக்கிறேன். சர்ஜை இன்றும் மற்ற இயங்குதளத்தில்கூடப் பயன்படுத்துகிறேன். அதன் ஒலிக்கு ஈடாக விலைகொடுத்து வாங்கியவையும் என்னிடம் இல்லை. மின்னிசைக்கு நீங்கள் சொன்னது முழுவதும் பொருந்தும். ஆனால் நரம்புக் கருவிக் குழுவின் ஒலியை ஒவ்வொரு வில்லோட்டத்திற்கும் தனித்தனியாகப் பதிவுசெய்த தொகுப்பு ஒன்றைத் திறமூலத்தில் அதே தரத்தில் எனக்குக் காட்டுங்கள். அது நிரலாக்கத் திறமையால் வருவதன்று. கலைஞர்களும் அரங்கும் ஒலிவாங்கிகளும் பல மாத வேலையும் சேர்ந்தது. மூலநிரலைப் பகிர்வது போல அதைப் பகிர ஆளில்லை. நான் இயங்குதளத்தைக் குறை சொல்லவில்லை. மாறுவதற்கு முன் ஒருவர் தம் வேலை எந்த வகை என்பதை அறிந்திருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

புதுச்சுருதி அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய இயங்குதளம் இன்னும் எங்கேனும் திறக்கும் நிலையில் இருந்தால், உங்கள் பழைய பாடல்களின் ஒவ்வொரு தடத்தையும், பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்து முழு நீளத்திற்கு, தனித்தனி வேவ் கோப்பாக இப்போதே ஏற்றுமதி செய்து வைத்துவிடுங்கள். ஒரு மென்பொருளின் திட்டக்கோப்பை இன்னொன்று படிப்பது அரிது. 2023இல் டாப்ராஜெக்ட் என்ற பொது வடிவம் வந்திருக்கிறது என்றாலும், அது எல்லா நிரல்களிலும் இல்லை. வேவ் கோப்பை எதுவும் படிக்கும்.

ஒலிக்கோவை

செருகுநிரல் விவாதம் நல்லதே. ஆனால் கேள்வி கேட்டவரின் கரகரப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. அதற்கு வருவோம்.

இடையகம் 1024, மாதிரி வீதம் நொடிக்கு 48000 என்றால், ஒரு கட்டு ஒலி சேர 21.3 மில்லிநொடி ஆகும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஆகவே அந்தத் தாமதம் ஒலிபெருக்கியை ஏழு மீட்டருக்கு அப்பால் வைத்துவிட்டு வாசிப்பதைப் போன்றது. 256 என்றால் 5.3 மில்லிநொடி, 128 என்றால் 2.7. இடைமுகத்தின் உள்ளேயும் யூஎஸ்பி வழியிலும் இன்னும் சில மில்லிநொடிகள் கூடும். அந்த 2.7 மில்லிநொடிக்குள் கணினி தன் மற்ற வேலைகளை எல்லாம் விட்டுவிட்டு உங்கள் சுரத்தைக் கணக்கிட்டு முடிக்க வேண்டும்; ஒருமுறை தவறினாலும் ஒலியில் ஒரு பள்ளம் விழும். அதைத்தான் எக்ஸ்ரன் என்கிறோம். கணினியின் வேகம் போதாமல் இது நடப்பது குறைவு. வேகமான கணினி உரிய கணத்தில் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பதே பெரும்பாலும் காரணம்.

எனவே முதலில் முனையத்தில் பீடபிள்யூ-டாப் என்ற கட்டளையை இட்டு, அதில் பிழைகளை எண்ணும் இஆர்ஆர் என்ற நெடுவரிசையைப் பத்து நிமிடம் பாருங்கள். எண் எப்போது கூடுகிறது என்பதைக் கடிகாரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, யூலிமிட் கட்டளையை ஆர் விருப்பத்தோடு இடுங்கள். 0 என்று வந்தால் உங்கள் பயனர் கணக்கிற்கு நிகழ்நேர முன்னுரிமை (உரிய கணத்தில் மற்ற வேலைகளை முந்தும் உரிமை) நேரடியாகக் கிடைக்கவில்லை என்று பொருள். ஆடியோ குழுவில் உங்களைச் சேர்த்து, அந்தக் குழுவிற்கு 95 வரையிலான முன்னுரிமையையும் நினைவகப் பூட்டு உரிமையையும் தரும் அமைவுக்கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, கணினியிலிருந்து வெளியேறி மீண்டும் நுழையுங்கள். சாளரத்தை மூடித் திறந்தால் போதாது. நானே ஒருமுறை வெளியேறாமல், மாற்றம் பலிக்கவில்லை என்று அரைநாள் தேடியிருக்கிறேன்.

மின்சேமிப்பு நிலையை மாற்றுங்கள். ஹப்பிலிருந்து ஒலி இடைமுகத்தை எடுத்து நேரடித் துளையில் செருகுங்கள். நிழற்படக்கருவியும் வன்வட்டும் அதே வழியில் கூட்டம் கூட்டினால் யாராலும் காப்பாற்ற முடியாது. நிகழ்நேரக் கர்னல் வேண்டும் என்று பலர் சொல்வார்கள். இருபது ஆண்டுகள் தனி ஒட்டாகவே (பேட்ச்) இருந்த அந்த வசதி 2024இல் வந்த 6.12 கர்னலில்தான் முதன்மை மூலநிரலில் இணைந்தது. உங்களுக்கு இப்போது அது தேவைப்படாது; தொடக்க அளவுருவில் ப்ரீஎம்ப்ட் என்பதை ஃபுல் என்று கொடுப்பதே போதும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை எழுதி வையுங்கள்.

புதுச்சுருதி

ஐந்து நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஒலிக்கோவை அவர்கள் சொன்னபடியே ஒவ்வொன்றாக மாற்றினேன்.

முதல் நாள் எதையும் மாற்றாமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். 128இல் பத்து நிமிடத்தில் 212 பிழைகள். யூலிமிட் 0 என்றது. குழுவில் சேர்ந்து வெளியேறி நுழைந்தபின் 95 என்றது, பிழைகள் 60க்கு இறங்கின. இடைமுகத்தை நேரடித் துளைக்கு மாற்றியதும் 6 ஆயின. நான் மகிழ்ந்துபோய் வாசிக்கத் தொடங்கினேன். ஆனால் அந்த மிச்சப் பிழைகள் ஒரு வினோதமான ஒழுங்கோடு வந்தன. கடிகாரத்தோடு குறித்ததில், ஏறத்தாழ இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை, நான் வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும், எண் ஒன்று கூடியது. செருகுநிரல்களை எல்லாம் அணைத்தேன், திரைக்காப்பை அணைத்தேன், புளூடூத்தை அணைத்தேன், மாற்றமில்லை. வைஃபையை அணைத்தேன், நாற்பது நிமிடம் 0. மீண்டும் இயக்கினேன், இரண்டு நிமிடத்தில் 1. அருகிலுள்ள வலையமைப்புகளை அது தேடும் கணத்தில்தான் என் சுரம் உடைந்திருக்கிறது. இசை மென்பொருளின் பழுது என்று மூன்று மாதங்கள் நான் எண்ணிக்கொண்டிருந்தது கம்பியில்லா வலையமைப்பின் வேலை.

ஆர்டோரை உருவாக்குநர்களின் தளத்திலிருந்து பெற்று நிறுவிவிட்டேன், செருகுநிரல்கள் தெரிகின்றன. பைப்வயர்-ஜாக் பற்றிச் சொன்ன கோப்பும் என்னிடம் இல்லாமல்தான் இருந்தது.

கருந்திரை

வைஃபையைக் கண்டுபிடித்தது சிறப்பான வேலை. முதலில் கடுமையாக எழுதியதற்கு வருந்துகிறேன். ஒலிப்பதிவின்போது வலையமைப்பை ஒவ்வொரு முறையும் கையால் அணைக்க வேண்டியதில்லை. உங்கள் இணைப்பின் அமைப்பில் குறிப்பிட்ட அணுகுமுனையின் (வைஃபை பெட்டியின்) முகவரியை நிலையாகக் கொடுத்துவிட்டால், பின்னணித் தேடல் பெரும்பாலும் நின்றுவிடும். செய்து பார்த்து எண்ணிக்கையைச் சொல்லுங்கள்.

பொதிகட்டி

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். இன்று ஓடும் கர்னல் பதிப்பையும் பைப்வயர் பதிப்பையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த கர்னல் வந்தபின் பழையதை உடனே நீக்காமல் தொடக்கப் பட்டியலில் விட்டு வையுங்கள். ஒரு வேலையின் நடுவில் இருக்கும்போது கணினியைப் புதுப்பிக்காதீர்கள். பிழை நேர்ந்தால் எங்கே முறையிடுவது என்ற கேள்விக்கு மட்டும் என்னிடமும் நல்ல பதிலில்லை: தாய்நிரல்காரர் செருகுநிரலைக் கைகாட்டுவார், செருகுநிரல்காரர் வழங்கலைக் கைகாட்டுவார், நாங்கள் இருவரையும் திருப்பிக் கைகாட்டுவோம். ஒவ்வொருவரும் தம் துண்டை நன்றாகவே செய்கிறோம். துண்டுகள் கூடும் மூட்டுக்குத்தான் பொறுப்பாளர் இல்லை. வைஃபை இயக்கியை எழுதியவர் தம் தேடலால் ஒரு சுரம் உடையும் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்.

புதுச்சுருதி

அணுகுமுனையின் முகவரியைக் கொடுத்தேன். வைஃபை இயங்கிய நிலையிலேயே ஒன்றரை மணி நேரம் 128இல் வாசித்து, பிழை 1 மட்டும். அந்த ஒன்று நான் வன்வட்டைச் செருகிய கணம். பழைய பாடல்கள் பதினான்கையும் தடம் தடமாக வேவ் கோப்புகளாக எடுத்துவிட்டேன். அவற்றில் இரண்டுக்கு உரிமச் சாவி கேட்கும் தொகுப்பு தேவைப்பட்டதால், மெட்டுக்காரர் அவர்களின் எச்சரிக்கை நல்ல நேரத்தில் வந்தது.

இனி மிச்சமிருப்பது ஒன்றுதான். மடிக்கணினியின் மூடியை மூடித் திறந்தால் ஒலி இடைமுகம் மறைந்துவிடுகிறது. கம்பியைக் கழற்றிச் செருகினால்தான் திரும்பி வருகிறது. அதற்கு வேறோர் இழை தொடங்குகிறேன். வழங்கல், கர்னல், இடைமுகம், இணைப்பு, ஒலி வழங்கி ஐந்தையும் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன், கருந்திரை ஐயா.